கரைசலில் எலக்ட்ரான் எந்த வழியாகச் செல்கிறது: வேகத்தை அளப்பதும் வழிமுறையை நிறுவுவதும்

ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது: “கரைசலில் ஓர் உலோக அயனியிலிருந்து இன்னோர் உலோக அயனிக்கு எலக்ட்ரான் செல்கிறது என்று பாடத்தில் படிக்கிறோம். எலக்ட்ரானை யாரும் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, அது எவ்வளவு வேகத்தில் சென்றது, எந்த வழியாகச் சென்றது என்று வேதியியலாளர்கள் எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?”

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துக்கொள்வது நல்லது. வேகம் என்பது அளக்கப்படுவது. வழிமுறை என்பது உய்த்துணரப்படுவது. வேகத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்த எண் மட்டும் வழிமுறையைச் சொல்லிவிடாது. வழிமுறையை அறிய வேண்டுமானால், வினையின் முக்கியமான தருணத்தில் நடந்ததற்கான அடையாளம் விளைபொருளிலேயே அழியாமல் தங்கும்படி சோதனையை வடிவமைக்க வேண்டும். இந்தத் துறையின் சிறந்த ஆய்வுகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இதைச் செய்தவைதாம் என்பது என் கருத்து.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். மிக எளிய எலக்ட்ரான் இடமாற்றத்தை அளப்பதுதான் மிகக் கடினம். இரும்பு(2+) அயனியையும் இரும்பு(3+) அயனியையும் ஒரே அமிலக் கரைசலில் வைத்தால், அவற்றுக்கிடையே எலக்ட்ரான் ஓயாமல் பரிமாறப்படுகிறது. ஆனால் கொடுத்த இரும்பு(2+) இரும்பு(3+) ஆகிறது, பெற்ற இரும்பு(3+) இரும்பு(2+) ஆகிறது. ஆகவே கரைசலின் நிறமும் செறிவும் சற்றும் மாறுவதில்லை. எதுவும் மாறாத ஒரு வினையின் வேகத்தை எப்படி அளப்பது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதிரியக்க ஐசோடோப்புகள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபோது இதற்கு வழி பிறந்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த சில்வர்மனும் டாட்சனும் 1952இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் செவ்வியல் எடுத்துக்காட்டு. ஒருவகை அயனியில் மட்டும் கதிரியக்க இரும்பைச் சேர்த்துப் பெர்குளோரிக் அமிலக் கரைசலில் கலந்தார்கள். குறித்த நேரம் கழிந்ததும் பைபிரிடினைச் சேர்த்தார்கள். அது இரும்பு(2+) அயனியை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டு மேற்கொண்டு பரிமாற்றம் நிகழாமல் தடுத்தது. பிறகு அம்மோனியாவால் இரும்பு(3+) அயனியை ஹைட்ராக்சைடாக வீழ்படியச் செய்து, கதிரியக்கம் எந்தப் பக்கம் எவ்வளவு சென்றிருக்கிறது என்று எண்ணினார்கள்.

இத்தகைய பரிமாற்றத்தின் கணக்கை மக்கே என்பவர் 1938இலேயே வகுத்திருந்தார். வினையின் உள்வழி எதுவானாலும், கதிரியக்கக் குறியீடு சமநிலையை நோக்கிச் செல்வது எப்போதும் முதல்படி வினையைப் போன்றே, அதாவது எஞ்சியிருக்கும் அளவுக்கு நேர்விகிதத்தில் வேகம் இருக்கும் வினையைப் போன்றே, அமையும். இதனால் ஓர் அருமையான நன்மை உண்டு. பிரித்தெடுக்கும் வேலையே சிறிதளவு பரிமாற்றத்தைத் தூண்டிவிடக்கூடும். ஆனால் அந்தப் பிழை எல்லா மாதிரிகளிலும் ஒரே விகிதத்தில் நிகழுமானால், வரைபடக் கோட்டின் தொடக்கப்புள்ளி மட்டும் நகரும், சரிவு மாறாது. நமக்குத் தேவை சரிவுதான்.

இவ்வாறு கிடைத்த வேக மாறிலி (செறிவுகளோடு பெருக்கினால் வினையின் வேகத்தைத் தரும் எண்) 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 4. (இரு பொருள்கள் கரைசலில் சந்தித்து நடத்தும் வினைகளுக்கு இங்கே நான் தரும் வேக மாறிலிகள் எல்லாம் லிட்டர் மோல்⁻¹ வினாடி⁻¹ அலகில் உள்ளவை.) இருவகை இரும்பும் லிட்டருக்கு 0.0001 மோல் வீதம் இருந்தால், பரிமாற்றம் பாதியளவு நிறைவேற ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும் என்பது இதன் பொருள். கையால் மாதிரி எடுத்து அளப்பதற்கு ஏற்ற வேகம் இது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. அமிலச் செறிவைக் குறைத்தால் பரிமாற்றம் விரைந்தது. அப்படியானால் ஒரு புரோட்டானை இழந்த இரும்பு(3+), அதாவது நீருக்குப் பதில் ஒரு ஹைட்ராக்சைடைத் தாங்கிய அயனி, தனக்கென ஒரு வழியில் வினைபுரிகிறது. அந்த வழியின் வேக மாறிலி மற்றதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரிது. வினைவேக விதி எதைச் சொல்லும் என்பதற்கு இது தெளிவான பாடம். கிளர்வுற்ற அணைவில், அதாவது வினையின் உச்ச ஆற்றல் தருணத்தில் ஒன்றுசேர்ந்திருக்கும் தொகுப்பில், என்னென்ன அணுக்கள் இருக்கின்றன என்பதை அது சொல்லும். அவை எந்த வரிசையில் ஒன்றுசேர்ந்தன, எப்படிப் பிணைந்திருந்தன என்பதைச் சொல்லாது. ஹைட்ராக்சைடு இரண்டு இரும்புகளையும் இணைத்துப் பாலமாக நின்றதா, ஓரமாக ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்ததா என்பதை இந்த எண்ணைக் கொண்டு முடிவு செய்ய முடியாது.

வெவ்வேறு உலோகங்கள் வினைபுரியும்போது அளவீடு எளிதாகிறது, ஏனென்றால் நிறம் மாறுகிறது. வினைபடுபொருள்களில் ஒன்றை மற்றதைவிடப் பத்து மடங்குக்குக் குறையாமல் மிகுதியாக எடுத்துக்கொண்டால், அதன் செறிவு வினை முழுவதும் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். வினை முதல்படி வினையைப் போல நடந்துகொள்ளும். ஒளி உறிஞ்சுதலைக் காலத்துக்கு எதிராக வரைந்து, மிகுதியாக உள்ள பொருளின் செறிவை மாற்றி மாற்றித் திரும்பச் செய்தால் வேக விதி கிடைத்துவிடும். கரைசலின் மொத்த அயனி வலிமையைப் பெர்குளோரேட்டு போன்ற, உலோகத்துடன் எளிதில் இணையாத உப்பால் நிலையாக வைக்க வேண்டும்; இரண்டு நேர்மின் அயனிகள் நெருங்கும் வினையில் உப்பின் அளவு மாறினாலே வேகம் மாறிவிடும். குரோமியம்(2+) போன்ற வலிய ஒடுக்கிகளைக் கையாளும்போது காற்றின் ஆக்சிஜனை முற்றிலும் விலக்குவது இன்றியமையாதது.

சில வினாடிகளுக்குள் முடிந்துவிடும் வினைகளுக்கு நிறுத்திய ஓட்ட முறை உதவுகிறது. இரண்டு கரைசல்களை வேகமாகப் பாய்ச்சிக் கலந்து, ஓட்டத்தைச் சட்டென நிறுத்தி, அக்கணம் முதல் நிறமாற்றத்தைப் பதிவு செய்வார்கள். 1923இல் கேம்பிரிட்ஜில் ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் உருவாக்கிய தொடர் ஓட்ட முறையிலிருந்து வளர்ந்த இந்தக் கருவியில் கலத்தலுக்கு மட்டுமே ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி செலவாகும். அதைவிட விரைவான வினைகளில் கலத்தல் என்ற படியையே தவிர்க்க வேண்டும். காந்த அதிர்வு நிறமாலையில் கோடுகள் அகலமாவதைக் கொண்டு பரிமாற்ற வேகத்தைக் கணிக்கலாம். மக்கோனலும் வீவரும் 1956இல் செம்பு(1+), செம்பு(2+) பரிமாற்றத்தை அப்படித்தான் அளந்தார்கள். ஒளித்துடிப்பாலோ எலக்ட்ரான் துடிப்பாலோ வினையைக் கரைசலுக்குள்ளேயே தொடங்கி வைக்கலாம். இந்த வழியில் நானோ வினாடியும் அதற்குக் கீழான காலமும் இன்று எட்டும் எல்லைக்குள் இருக்கின்றன.

இனி வழிமுறை. கனடாவில் பிறந்து, அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹென்றி டாப் தம் மாணவர்களுடன் 1953இல் வெளியிட்ட சோதனையை விரிவாகச் சொல்வது தகும். பிறர் ஒரு வினையின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் எந்த உலோகம் தன் ஈனிகளை (தன்னோடு பிணைந்து சூழ்ந்திருக்கும் மூலக்கூறுகளையும் அயனிகளையும்) எவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பார்த்தார். கோபால்ட்(3+) தன்னைச் சூழ்ந்த ஈனிகளை எளிதில் விடாது. குரோமியம்(3+) அயனியும் அப்படியே. அதைச் சூழ்ந்த நீர் மூலக்கூறு வெளியேறி வேறொன்று வர நாள்கணக்கில் ஆகும். மாறாக, குரோமியம்(2+) அயனியைச் சூழ்ந்த நீர் வினாடிக்கு நூறு கோடி முறை என்ற அளவில் இடம் மாறும். கோபால்ட்(2+) அயனியும் ஈனிகளை விரைவில் விட்டுவிடும். ஐந்து அம்மோனியாவும் ஒரு குளோரைடும் சூழ்ந்த கோபால்ட்(3+) அணைவை (உலோகமும் அதன் ஈனிகளும் சேர்ந்த தொகுதியை), நீர் மட்டும் சூழ்ந்த குரோமியம்(2+) அயனியுடன் அமிலத்தில் டாப் வினைபுரியச் செய்தார். வினை உடனே நிகழ்ந்தது. கரைசலில் இருந்தவை: கோபால்ட்(2+), அம்மோனியம், ஒரு குளோரைடைத் தாங்கிய பச்சை நிறக் குரோமியம்(3+) அணைவு.

அந்தப் பச்சை அணைவே சான்று. எலக்ட்ரான் மாறுவதற்கு முன் குளோரைடு கோபால்ட்டை விட்டுப் பிரிந்திருக்க முடியாது, ஏனென்றால் கோபால்ட்(3+) அதை விடாது. எலக்ட்ரான் மாறிய பின் அது குரோமியத்தில் வந்து சேர்ந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் குரோமியம்(3+) புதிய ஈனியை ஏற்க நெடுநேரம் ஆகும். எஞ்சியிருப்பது ஒரே வாய்ப்பு: எலக்ட்ரான் மாறிய தருணத்தில் அந்தக் குளோரைடு இரண்டு உலோகங்களோடும் ஒருசேரப் பிணைந்திருந்தது. கரைசலில் கதிரியக்கக் குளோரைடைத் தனியே சேர்த்துப் பார்த்தபோதும் அது விளைபொருளுக்குள் நுழையவில்லை. ஆகவே குளோரைடு கரைசலில் விடுபட்டு மறுபடி சேரவில்லை என்பதும் உறுதியாயிற்று. இவ்வாறு உட்கோள வழிமுறை, அதாவது இரண்டு உலோகங்களும் ஓர் ஈனியைப் பகிர்ந்துகொண்டு அதைப் பாலமாக்கும் வழி, ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. நுட்பமான கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தகுந்த நான்கு அயனிகளைத் தேர்ந்த அறிவே இதில் கருவியாயிற்று. டாப்புக்கு 1983இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது, உலோக அணைவுகளின் எலக்ட்ரான் இடமாற்ற வழிமுறைகளை ஆராய்ந்ததற்காக.

இந்தச் சான்று கிடைத்த பிறகு வேகங்களுக்குப் புதிய பொருள் வந்தது. அதே குரோமியம்(2+) அயனி, ஆறு அம்மோனியா சூழ்ந்த கோபால்ட்(3+) அணைவை ஒடுக்கும் வேக மாறிலி ஏறத்தாழ 8 × 10⁻⁵. அம்மோனியாக்களில் ஒன்றுக்குப் பதில் குளோரைடை வைத்தால் அது ஏறத்தாழ 6 × 10⁵ ஆகிறது. எழுநூறு கோடி மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் பாலம்தான்: கோபால்ட்டோடு பிணைந்த அம்மோனியாவில் மிச்சமிருக்கும் எலக்ட்ரான் இணை எதுவும் இல்லை, அதனால் அது இரண்டாவது உலோகத்தைப் பற்ற முடியாது, எலக்ட்ரான் இரண்டு அணைவுகளின் கோளங்களும் குலையாத நிலையில் வெளிக்கோள வழியில் செல்ல வேண்டியிருக்கிறது.

விளைபொருள் இவ்வளவு தெளிவாகப் பேசாத வினைகளும் பல உண்டு. விளைபொருளும் ஈனிகளை விரைவில் உதறிவிடுமானால் பாலம் இருந்த அடையாளம் அழிந்துவிடும். அப்போது மறைமுகச் சான்றுகளைத் தேட வேண்டும். அவற்றுள் நான் மிகவும் மதிப்பது அசைடையும் நைட்ரஜன் வழியாகப் பிணைந்த தயோசயனேட்டையும் ஒப்பிடும் முறை. இரண்டும் மூன்று அணுக்கள் கொண்ட நேர்கோட்டு ஈனிகள், இரண்டுக்கும் ஒரே மின்சுமை. வெளிக்கோள வழியில் இவற்றின் வேகங்கள் பெரிதும் வேறுபடக் காரணம் இல்லை. உட்கோள வழியில், வரும் உலோகம் ஈனியின் மறுமுனையைப் பற்ற வேண்டும்; அசைடின் மறுமுனை நைட்ரஜன், தயோசயனேட்டின் மறுமுனை கந்தகம். குரோமியம் நைட்ரஜனை விரும்பும், கந்தகத்தை அவ்வளவாக விரும்பாது. கோபால்ட்டின் ஐந்து-அம்மோனியா அணைவில் அசைடு இருக்கும்போது குரோமியம்(2+) வினையின் வேக மாறிலி ஏறத்தாழ 3 × 10⁵. தயோசயனேட்டு இருக்கும்போது 19. ஏறத்தாழ பதினாறாயிரம் மடங்கு வேறுபாடு. வழிமுறை தெரியாத வேறோர் ஒடுக்கியை எடுத்துக்கொண்டு இந்த இரண்டு அணைவுகளோடும் வினைபுரியச் செய்தால், கிடைக்கும் விகிதமே அது எந்த வழியில் செல்கிறது என்பதை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

வனேடியம்(2+) வேறொரு பாடத்தைத் தருகிறது. அது பல்வேறு ஆக்சிஜனேற்றிகளோடு உட்கோள வழியில் வினைபுரியும் வேகங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே அமைகின்றன. பாலத்தின் தன்மையை மாற்றினாலும் அதிகம் மாறுவதில்லை. வனேடியம்(2+) தன்னைச் சூழ்ந்த நீரை வினாடிக்கு ஏறத்தாழ 90 முறைதான் மாற்றிக்கொள்ளும். பாலம் அமைய ஒரு நீர் வெளியேற வேண்டும், அந்தப் படியே எல்லாவற்றிலும் மெதுவானது. இங்கே நாம் அளப்பது எலக்ட்ரான் இடமாற்றத்தின் வேகத்தை அன்று, ஈனி இடமாற்றத்தின் வேகத்தை. அளக்கப்பட்ட எண் எந்தப் படிக்கு உரியது என்று கேட்காமல் அதற்கு விளக்கம் சொல்லப் புகுவது இத்துறையில் எளிதில் நேரும் தவறு.

வெளிக்கோள வினைகளில் பிணைப்பு எதுவும் முறிவதில்லை, புதிதாக உருவாவதும் இல்லை. அப்படியானால் அவை எல்லாம் ஒரே வேகத்தில் நடக்க வேண்டாமா? ஆறு அம்மோனியா சூழ்ந்த ருத்தேனியம்(2+), ருத்தேனியம்(3+) இடையேயான பரிமாற்றத்தின் வேக மாறிலி சில ஆயிரம். அதே அமைப்பில் கோபால்ட்டை வைத்தால் அது 10⁻⁵ அளவுக்கு விழுந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை விளக்கும் கருத்தின் விதை 1952இல் வில்லார்ட் லிபி எழுதிய கட்டுரையில் இருந்தது: எலக்ட்ரான் இடம் மாறும் கணத்துக்குள் கனமான அணுக்கருக்கள் நகர நேரம் இல்லை. புரூக்லின் பாலிடெக்னிக்கில் பணியாற்றிய ருடால்ஃப் மார்க்கஸ் அதில் ஒரு குறையைக் கண்டார். பழைய அமைப்பிலேயே எலக்ட்ரான் மாறினால் விளைபொருள்கள் உயர் ஆற்றலில் பிறக்கும். ஒளி எதையும் உறிஞ்சாத இருட்டு வினையில் அந்த ஆற்றல் எங்கிருந்து வரும்? ஆகவே வெப்ப அசைவுகளால் பிணைப்பு நீளங்களும் சுற்றியுள்ள கரைப்பான் மூலக்கூறுகளின் திசைகளும் முதலில் மாறி, எலக்ட்ரான் இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே ஆற்றல் என்ற நிலை வர வேண்டும்; அந்நிலையில்தான் எலக்ட்ரான் மாறுகிறது. 1956இல் அவர் வெளியிட்ட கோட்பாட்டின்படி, கிளர்வு ஆற்றல் = (மீள்சீரமைப்பு ஆற்றல் + வினையின் கட்டிலா ஆற்றல் மாற்றம்)² ÷ (4 × மீள்சீரமைப்பு ஆற்றல்). மீள்சீரமைப்பு ஆற்றல் என்பது, எலக்ட்ரான் மாறாமலேயே வினைபடுபொருள்களையும் கரைப்பானையும் விளைபொருள்களுக்கு உரிய வடிவத்துக்குக் கொண்டுவரத் தேவையான ஆற்றல்.

இப்போது கோபால்ட், ருத்தேனியம் கதை விளங்குகிறது. கோபால்ட் 3+ நிலையிலிருந்து 2+ நிலைக்குச் செல்லும்போது நைட்ரஜனுடனான பிணைப்பு ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நீள்கிறது. ருத்தேனியத்தில் நீட்சி 0.04 ஆங்ஸ்ட்ராம் அளவே. ருத்தேனியத்தில் புதிய எலக்ட்ரான் ஈனிகளை நேராக நோக்காத ஆர்பிட்டாலில் போய் அமர்கிறது; கோபால்ட்டில் ஈனிகளை நேரெதிர் நோக்கும் ஆர்பிட்டாலில் எலக்ட்ரான்கள் நுழைகின்றன, சுழற்சி நிலையும் மாறுகிறது. ஆகவே நாம் அளக்கும் வேகம் பெரும்பாலும் அணுக்கருக்கள் தம்மைத் தயார் செய்துகொள்ளும் வேகம்.

ஒரு கோட்பாட்டை நம்பலாமா என்பதை அது முன்கூட்டிச் சொல்லும் எண்களைக் கொண்டே சோதிக்க வேண்டும். இரண்டு உலோகங்களின் தன்பரிமாற்ற (ஒரே உலோகத்தின் இரு நிலைகளுக்கிடையே நடக்கும் பரிமாற்ற) வேக மாறிலிகளும் வினையின் சமநிலை மாறிலியும் தெரிந்தால், அவை மூன்றின் பெருக்கலின் வர்க்கமூலம் குறுக்கு வினையின் (அந்த இரண்டும் ஒன்றோடொன்று புரியும் வினையின்) வேக மாறிலியை ஏறத்தாழத் தரும் என்று மார்க்கஸ் காட்டினார். பாடநூல்களில் வரும் ஓர் எடுத்துக்காட்டு: மூன்று பைபிரிடின் சூழ்ந்த கோபால்ட்டின் தன்பரிமாற்ற மாறிலி 9, பைபிரிடினைப் போன்ற டெர்பிரிடின் இரண்டு சூழ்ந்த கோபால்ட்டினுடையது 48, சமநிலை மாறிலி 3.57. கணக்கு தருவது 39. சோதனை தருவது 64. பல கோடி மடங்கு வேறுபடும் வேகங்களைப் பேசும் துறையில் இது மிக நல்ல பொருத்தம். வெளிக்கோள வழியா என்று ஐயம் எழும் வினைக்கு இந்தக் கணக்கையே சோதனையாகவும் பயன்படுத்துகிறார்கள். அளந்த வேகம் கணித்ததைவிடப் பன்மடங்கு மிகுந்தால், வேறு வழி திறந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மேலே தந்த சமன்பாட்டை மீண்டும் பாருங்கள். வினையின் உந்துவிசை (கட்டிலா ஆற்றல் எவ்வளவு குறைகிறது என்ற அளவு) கூடக் கூட வேகம் கூடும். ஆனால் உந்துவிசை மீள்சீரமைப்பு ஆற்றலைத் தாண்டியதும், வர்க்கத்தின் காரணமாகக் கிளர்வு ஆற்றல் மறுபடி எழுந்து வேகம் குறைய வேண்டும். இதுவே தலைகீழ் மண்டலம். வேதியியலாளர்களின் பழகிய உள்ளுணர்வுக்கு மாறான இந்த முடிவை நீண்ட காலம் சோதனைகள் ஆதரிக்கவில்லை. ரேமும் வெல்லரும் 1970இல் ஒளிர்வு தணிப்பு வேகங்களை, அதாவது ஒளியால் கிளர்ந்த மூலக்கூறின் ஒளிர்வை எலக்ட்ரான் இடமாற்றம் அணைக்கும் வேகங்களை, பரந்த உந்துவிசை எல்லையில் அளந்தபோது, வேகம் ஏறி, 10¹⁰ அளவை எட்டி, அங்கேயே நின்றது; கீழே இறங்கவில்லை. கரைசலில் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிச் சந்திக்கும் வேகத்துக்கு மேல் எந்த வினையும் போக முடியாது. அந்தக் கூரை, அடியில் நடப்பதை மறைத்துவிடக்கூடும். அமெரிக்காவில் மில்லர், கால்காடெரா, கிளாஸ் ஆகியோர் அந்தக் கூரையையே அகற்றினார்கள். எலக்ட்ரானைக் கொடுக்கும் பைஃபீனைல் தொகுதியையும் பெறும் தொகுதியையும் வளையாத ஸ்டீராய்டு சட்டத்தின் இரு முனைகளில் பொருத்தினார்கள். இனி ஒன்றையொன்று தேடிச் சந்திக்க வேண்டியதில்லை, இடைவெளியும் மாறாது. எலக்ட்ரான் துடிப்பால் வினையைத் தொடங்கி, பெறும் தொகுதியை மட்டும் மாற்றி மாற்றி அளந்தார்கள். 1984இல் வெளியான முடிவில் வேகம் வினாடிக்கு 10⁹ என்ற அளவுக்கு மேல் ஏறி, உந்துவிசை மேலும் மிகுந்த குயினோன் வகைப் பெறும் தொகுதிகளில் தெளிவாக இறங்கியது. மார்க்கஸ் 1992இல் நோபல் பரிசு பெற்றார்.

இடைவெளியை நிலைப்படுத்தும் இதே உத்தியை அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி கிரே குழுவினர் புரதங்களில் கையாண்டார்கள். சைட்டோகுரோம் சி புரதத்தின் 33ஆம் இடத்து ஹிஸ்டிடினில் ருத்தேனியம் அணைவைப் பொருத்தி, ஒளித்துடிப்பால் அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து, அது உள்ளே இருக்கும் ஹீம் இரும்புக்குச் செல்வதைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியை எலக்ட்ரான் வினாடிக்குச் சில பத்து முறை என்ற வேகத்தில் கடந்தது; உலோகங்கள் நேரடியாகத் தொடாமலேயே இது நிகழ்கிறது. அசுரின் என்ற செம்புப் புரதத்தில் வெவ்வேறு இடங்களில் ருத்தேனியத்தை வைத்து அளந்தபோது, ஒவ்வோர் ஆங்ஸ்ட்ராம் கூடும்போதும் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைவது தெரியவந்தது.

ஒளிச்சேர்க்கை நடத்தும் பாக்டீரியாக்களின் வினை மையத்தில் இந்தக் காரணிகள் அனைத்தும் சேர்ந்து செயல்படுவதைக் காணலாம். ஒளியால் கிளர்ந்த குளோரோஃபில் இணையிலிருந்து முதல் எலக்ட்ரான் ஏறத்தாழ 3 பிகோ வினாடியில் வெளியேறி ஃபியோஃபைட்டின் என்ற நிறமியை அடைகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 200 பிகோ வினாடியில் குயினோனுக்குச் செல்கிறது. குயினோனை நீக்கிவிட்டுப் பார்த்தால், எலக்ட்ரான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி ஆற்றலை வீணாக்கும் வினைக்குப் பத்து நானோ வினாடி அளவு ஆகிறது. ஆற்றல் கணக்கில் திரும்புவதற்கான உந்துவிசையே மிகப் பெரிது. இருந்தும் அது முன்னே செல்வதைவிடப் பல மடங்கு மெதுவாக நடப்பதற்கு, அந்தத் திரும்பும் வினை மார்க்கஸின் தலைகீழ் மண்டலத்தில் விழுவது முக்கியமான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.